பொறுமை எங்கே தேய்கிறது?

ஆங்கிலத்தில் உள்ள ஆன்மீக நூல்களைத் தமிழாக்கம் செய்பவனுக்குத் தத்துவக் கலைச்சொற்கள் அதிகத் தொல்லை கொடுப்பதில்லை. அவற்றுள் பெரும்பாலானவை சம்ஸ்கிருதத்திலிருந்து ஆங்கிலத்திற்குச் சென்றவை. தமிழுக்கு வரும்போது அவை பழகிய வீட்டுக்குத் திரும்புகின்றன. மாயை மாயையாகவே நிற்கிறது. வைராக்கியம் வைராக்கியமாகவே நிற்கிறது. பேனாவைக் கீழே வைத்து யோசிக்கச் செய்பவை அன்றாடச் சொற்களே. ஒருவருடைய பொறுமை மெல்ல மெல்ல நைந்தது, கடைசியில் அவர் தமது 'டெம்பரை' இழந்தார் என்று ஆங்கிலத்தில் ஒரு வாக்கியம் வருகிறது. 'அவர் பொறுமை இழந்து கோபப்பட்டார்' என்று எழுதிவிட்டு அடுத்த வாக்கியத்திற்குப் போய்விடலாம். பொருளில் பிழை இல்லை. ஆனால் மூல வாக்கியத்தில் கோபத்தைப் பற்றிய ஒரு கொள்கையே ஒளிந்திருக்கிறது. மொழிபெயர்ப்பில் அது நழுவிவிடுகிறது. அந்தக் கொள்கை சரியானதா, அதை ஏற்றால் கோபப்பட்டவனின் குற்றம் குறைகிறதா, கூடுகிறதா என்பதையே இங்கு ஆராய விரும்புகிறோம்.

முதலில் தேய்தலைக் குறிக்கும் சொற்களைப் பார்ப்போம். 'வேர் அவுட்' என்ற தொடரில் உள்ள 'வேர்' (நமது மரத்தின் வேர் அல்ல) பழைய ஆங்கிலத்தில் உடுத்துதலைக் குறித்தது. உடுத்த உடுத்தத் துணி தேயும். ஆகவே நாளடைவில் அந்தச் சொல்லே தேய்தலையும் குறிக்கலாயிற்று. களைப்பைக் குறிக்கும் 'வியரி' என்ற சொல்லும் இதற்கு உறவுபோலத் தோன்றும்; ஆனால் மொழிநூலார் அதற்கு வேறு மூலம் காட்டுகிறார்கள். 'ஃப்ரே' என்ற சொல் துணியின் விளிம்பு நூல் நூலாகப் பிரிவதைக் குறிக்கும். உராய்தல் என்று பொருள்படும் லத்தீன் சொல்லிலிருந்து பிரெஞ்சு மொழியின் வழியாக வந்தது அது. 'ஃபிரிக்‌ஷன்' அதன் உடன்பிறப்பு. பொறுமையின் எல்லைக்கு ஒருவரைத் தள்ளுவதைக் குறிக்கும் 'எக்ஸாஸ்பரேட்' என்ற சொல்லுக்கு, சொரசொரப்பாக்குதல் என்பது மூலப்பொருள். 'எக்ஸாஸ்ட்' என்றால் இறைத்துத் தீர்த்தல். கிணற்றில் நீர் வற்றும்வரை இறைப்பதைப் போல.

இந்தச் சொற்களில் பெரும்பாலானவற்றுக்கு ஓர் ஒற்றுமை உண்டு. பேரிடியைப் பற்றியோ பெருங்காயத்தைப் பற்றியோ அவை பேசுவதில்லை. தொடுதல், உரசுதல், மீண்டும் மீண்டும் உரசுதல் ஆகியவற்றையே பேசுகின்றன. சட்டை எங்கே நைகிறது என்று கவனித்தவர்களுக்கு இது புரியும். நடுமுதுகில் அது நைவதில்லை. கழுத்துப்பட்டையின் மடிப்பில், கைமுனையில், நாள்தோறும் ஏதோ ஒன்று உரசும் இடத்தில்தான் நைகிறது. 19-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் ரயில் வண்டிகளின் அச்சுகள் எதிர்பாராமல் முறிந்துகொண்டிருந்தன. ஜெர்மானியப் பொறியியலாளரான ஆகஸ்ட் வோலர் அதை ஆராய்ந்து, ஒரே ஒருமுறை வந்தால் இரும்பு எளிதாகத் தாங்கிவிடக்கூடிய சிறிய சுமையே பல்லாயிரம் முறை மாறி மாறி வரும்போது அதை முறித்துவிடும் என்று காட்டினார். ஆங்கிலப் பொறியியலாளர்கள் இந்த நிலைக்குக் களைப்பு என்றே பெயரிட்டார்கள். மனிதனைக் குறித்த சொல்லை இரும்புக்குக் கடன் கொடுத்தது பொருத்தமானதே. குடும்பத்தில் நேர்ந்த பெரும் துக்கத்தை அசையாமல் தாங்கி நின்ற ஒருவர், மூன்று மாதம் கழித்துக் காப்பியில் சர்க்கரை குறைந்ததற்காக வீடு அதிரக் கத்துகிறார். பார்ப்பவர்கள் வியக்கிறார்கள். கத்தியது அந்தக் காப்பிக்காக அல்ல.

இனி 'டெம்பர்'. இன்று தமிழ்நாட்டின் தெருக்களில்கூட 'அவர் டெம்பராயிட்டார்' என்று சொல்கிறார்கள். அங்கே டெம்பர் என்றால் கோபம். ஆங்கிலத்திலும் அந்தப் பொருள் உண்டு. ஆனால் அது பிற்காலப் பொருள். உரிய அளவில் கலத்தல் என்ற பொருளுடைய லத்தீன் சொல்லே இதன் மூலம். வெப்பநிலையைக் குறிக்கும் 'டெம்பரேச்சர்', மிதத்தைக் குறிக்கும் 'டெம்பரன்ஸ்', இயல்பைக் குறிக்கும் 'டெம்பரமென்ட்' எல்லாம் இந்தக் குடும்பமே. பழைய ஐரோப்பிய மருத்துவம் உடலில் குருதி, கபம், மஞ்சள் பித்தம், கரும்பித்தம் என்ற நான்கு நீர்மங்கள் இருப்பதாகக் கருதியது. அவை உரிய அளவில் கலந்திருக்கும் நிலையே டெம்பர். அந்தச் சமநிலையைக் காப்பது டெம்பரைக் காத்தல். அது கைநழுவுவது டெம்பரை இழத்தல். சமநிலையின் பெயராக இருந்த சொல், அடிக்கடி இழக்கப்பட்டதாலேயோ என்னவோ, கடைசியில் அதன் இழப்புக்கே பெயராகிவிட்டது.

நமது 'கோபம்' என்ற சொல்லின் கதையும் இதற்கு நெருக்கமானது. அசைதல், கலங்குதல் என்ற பொருள் தரும் சம்ஸ்கிருத வினையடியிலிருந்து அது பிறந்தது. வாத, பித்த, கபங்கள் நிலைகுலைந்து மிகுவதை ஆயுர்வேதம் 'பிரகோபம்' என்றே சொல்கிறது. ஆக, இரு மரபுகளும் ஒரே காட்சியைக் கண்டிருக்கின்றன. ஆங்கிலம் கலங்காத நிலைக்குப் பெயரிட்டது. நாம் கலக்கத்திற்குப் பெயரிட்டோம். இதனால் இலக்கணமும் மாறுகிறது. ஆங்கிலேயர் 'நான் இழந்தேன்' என்கிறார். நாம் 'எனக்குக் கோபம் வந்துவிட்டது' என்கிறோம், அழைக்காமல் வந்த விருந்தாளியைச் சொல்வதுபோல. வந்தது என்று சொல்பவனுக்கு அதை வெளியே அனுப்புவதே வேலை. இழந்தேன் என்று சொல்பவனோ, 'என்னிடம் இருந்த எதை, எப்போது, எங்கே இழந்தேன்?' என்று தேடியாக வேண்டும். தேடினால் அவன் அந்தக் காப்பிக்கு மூன்று மாதம் முன்னால் போய் நிற்பான்.

டெம்பருக்குத் தமிழில் நேரான சொல் இல்லை என்று பலரும் நினைக்கிறார்கள். இருக்கிறது, ஆனால் அது மனநூல் அகராதியில் இல்லை. கொல்லன் பட்டறையிலும் சமையலறையிலும் இருக்கிறது. 'பதம்' என்ற சொல்லைத்தான் சொல்கிறோம். பாகுக்குப் பதம் உண்டு, மண்ணுக்குப் பதம் உண்டு, தோலைப் பதப்படுத்துகிறோம், இரும்புக்குப் பதம் ஏற்றுகிறோம். ஆங்கிலத்திலும் இரும்பின் பதத்திற்கு டெம்பர் என்றே பெயர். பட்டறையில் நடப்பதைச் சற்று நின்று பார்ப்பது நல்லது.

எஃகைச் செந்நிறமாகக் காய்ச்சி நீரில் சட்டென்று தோய்த்தால் அது மிகவும் கடினமாகிறது. கடினமானால் போதும் என்று நினைக்கக் கூடாது. அந்த நிலையில் அது கண்ணாடியைப் போல. தவறி விழுந்தால் முறிந்துவிடும். எனவே கொல்லர் அதை மறுபடியும், இம்முறை மிதமாக, சூடுபடுத்துகிறார். தேய்த்துப் பளபளப்பாக்கிய பரப்பில் நிறங்கள் தோன்றும். சுமார் 230 டிகிரி செல்சியஸில் வைக்கோல் மஞ்சள். பிறகு பழுப்பு, ஊதா. 300-ஐ நெருங்கும்போது நீலம். வெட்டுக்கருவிக்கு மஞ்சளில் நிறுத்துவார். வளைந்து நிமிர வேண்டிய வில்லுக்கு நீலம்வரை விடுவார். இதில் எஃகு கடினத்தில் கொஞ்சத்தை விட்டுக்கொடுத்து முறியாத உறுதியைப் பெறுகிறது. பொறுமைசாலியைப் 'பாறை மாதிரி இருக்கிறார்' என்று புகழ்கிறோம். பட்டறை அறிவு அதை ஒப்புக்கொள்ளாது. எதற்கும் அசையாதவராகத் தம்மை இறுக்கிக்கொண்டவர் முதல் சூட்டோடு நின்றுவிட்டவர்; அவர் முறியும்போது துண்டுதுண்டாக முறிவார்.

பதம் ஏறிய கருவியைச் சாணைக்கல்லில் அவசரமாக அழுத்தித் தீட்டினால் உராய்வில் சூடேறி முனையில் நீலம் பாய்ந்துவிடும். 'இது டெம்பரை இழந்துவிட்டது' என்று ஆங்கிலம் பேசும் பட்டறைக்காரர் அந்தக் கருவியைக் காட்டிச் சொல்வார். அது வெடிக்கவில்லை, சிதறவில்லை, மெத்தென்று ஆகிவிட்டது. இனி அதில் கூர் நிற்காது. ஆறவைத்தாலும் பழைய பதம் திரும்பாது. முதலிலிருந்து காய்ச்சித் தோய்த்துப் பதம் ஏற்ற வேண்டும். உராய்வு, சூடு, பதம் இழத்தல் ஆகிய மூன்றும் இங்கே ஒரே செயலின் மூன்று கட்டங்கள். அதனால்தான் தேர்ந்த கைவினைஞர் தீட்டும்போது இடையிடையே முனையை நீரில் நனைக்கிறார். அந்த நிறுத்தமும் தீட்டும் வேலையைச் சேர்ந்ததே.

இப்போது அறக்கேள்விக்கு வருவோம். தேய்ந்துபோனதால்தான் ஒருவன் சினந்தான் என்றால், அவனைக் குறை கூறலாமா? நைந்த துணி கிழிந்ததற்குத் துணியை யாரும் திட்டுவதில்லை.

இந்த வாதத்தை எளிதாக ஒதுக்கிவிட முடியாது. முதலாம் நூற்றாண்டில் ரோமாபுரியில் வாழ்ந்த செனெக்கா தம் சகோதரர் நோவாட்டஸுக்காகக் கோபத்தைப் பற்றி மூன்று பகுதிகள் கொண்ட ஒரு நூல் எழுதினார். அவர் கோபத்தில் மூன்று அசைவுகளைப் பிரிக்கிறார். முதல் அசைவு நம் வசத்தில் இல்லாதது. குளிர்ந்த நீர் தெளித்தால் உடல் சிலிர்ப்பதைப் போன்றது. இரண்டாவதில், 'எனக்குத் தீங்கு நேர்ந்தது, நான் பதில் செய்வது சரியே' என்று மனம் ஒப்புதல் தருகிறது. மூன்றாவதில் அறிவு வென்றொழிக்கப்படுகிறது. அதற்குப் பிறகு தடுப்பார் இல்லை. பொறுப்பு இரண்டாவதில் இருக்கிறது. கீதையின் இரண்டாம் அத்தியாயம் இன்னும் பின்னால் செல்கிறது. பொருள்களை நினைத்துக்கொண்டே இருப்பதில் தொடங்கி, பற்று, ஆசை, சினம், மயக்கம், நினைவிழப்பு, புத்தியின் அழிவு என்று அது ஒரு சங்கிலியைக் காட்டுகிறது. சினம் அதில் முதல் கண்ணி அல்ல. கோபத்தை வெல்ல விரும்பும் சாதகன் கோபத்தின் கணத்தில் மட்டும் போராடினால், சங்கிலியின் நடுவில் தொங்குகிறான்.

களைப்பு முதல் அசைவை வலுப்படுத்துகிறது, இரண்டாவதற்கான நேரத்தைச் சுருக்குகிறது. இதை ஒப்புக்கொள்ள வேண்டும். ஆனால் அது இரண்டாவதை அடியோடு அழித்துவிடுகிறதா? இதற்கு எந்த நூலும் தேவையில்லாத ஒரு சோதனை உண்டு. நாள் முழுதும் மேலதிகாரியிடம் வதைபட்டவர் மாலையில் யாரிடம் டெம்பரை இழக்கிறார்? மேலதிகாரியிடம் அல்ல. ஆட்டோ ஓட்டுநரிடம், மனைவியிடம், கணக்குத் தவறாகப் போட்ட பிள்ளையிடம். அதே நொடியில் மேலதிகாரியின் தொலைபேசி அழைப்பு வந்தால் 'சொல்லுங்கள் சார்' என்ற குரல் எத்தனை இனிமையாக வருகிறது! இழந்துவிட்டதாகச் சொன்ன பதம் சட்டைப்பையிலேயே இருந்திருக்கிறது. கோபம் எப்போதும் பள்ளத்தை நோக்கியே பாய்கிறது என்றால், அது குருட்டு வெள்ளம் அல்ல. யாருக்குத் திருப்பி அடிக்க முடியாது என்று பார்க்கும் கண் அதற்கு இருக்கிறது. அரிஸ்டாட்டில் கோபத்தில் நடுநிலையாளரை விவரிக்கும்போது, உரிய காரணத்திற்காக, உரிய மனிதரிடம், உரிய அளவில், உரிய காலத்தில் சினப்பவர் என்று அடுக்குகிறார். மற்றவற்றைவிட 'உரிய மனிதரிடம்' என்பதே நமக்குக் கடினமானது என்று தோன்றுகிறது. (அந்த நற்பண்புக்குச் சரியான பெயர்கூடக் கிடையாது என்று அவரே வருத்தப்படுகிறார்.)

நீராவியைத் திறந்துவிட வேண்டும், அடக்கினால் வெடிக்கும் என்ற ஆங்கில வழக்கும் நம்மிடையே வேரூன்றிவிட்டது. இயந்திர யுகம் தந்த உவமை அது. கோபத்தைக் கொட்டித் தீர்த்தால் மனம் லேசாகும் என்பதை அமெரிக்க உளவியலாளர் பிராட் புஷ்மன் 2002-இல் வெளியிட்ட ஆய்வில் சோதித்தார். தம்மைச் சினமூட்டியவரை நினைத்துக்கொண்டு குத்துப்பையைக் குத்தியவர்களிடம் கோபம் மிகுந்ததே தவிரக் குறையவில்லை. மனிதன் கொதிகலன் அல்லன். இதற்கு மேல் இதில் சொல்ல ஒன்றுமில்லை.

ஆனால் தேய்ந்தவனிடம் அவன் பொறுப்பை எடுத்துச் சொல்வதோடு நம் கடமை முடிந்துவிடுகிறதா? இங்கேதான் நம்மைப் போன்று உபதேசம் செய்பவர்கள் சற்று நிதானிக்க வேண்டும். 1974-இல் ஹெர்பர்ட் ஃபிராய்டன்பெர்கர் என்ற உளவியலாளர், நியூயார்க்கின் இலவச மருத்துவ மையம் ஒன்றில் பெற்ற அனுபவத்தைக் கொண்டு, தொண்டு செய்வோருக்கு நேரும் ஒரு நிலையைப் பற்றி எழுதினார். எரிந்து தீர்தல் என்று பொருள்படும் 'பர்ன் அவுட்' என்ற பெயரை அதற்கு வழங்கினார். அதில் சட்டென்று எரிச்சலும் கோபமும் எழுவதையும் அவர் குறிப்பிட்டார். இந்நிலைக்கு ஆளானவர்கள் சோம்பேறிகள் அல்லர். பெரும்பாலும் மிகுந்த அர்ப்பணிப்பு உள்ளவர்களே. 2019-இல் உலக சுகாதார நிறுவனம் தன் நோய் வகைப்பாட்டில் இதைத் தனி நோயாக அல்லாமல், பணியிடத்தில் நீண்டநாள் கவனிக்கப்படாத அழுத்தத்தின் விளைவாக வரையறுத்தது. அந்த வரையறையில் நமக்கு ஒரு பாடம் இருக்கிறது. அது தேய்ந்த மனிதனை மட்டும் பார்க்கவில்லை, தேய்க்கும் கல்லையும் பார்க்கிறது.

தமிழில் 'பொறு' என்ற சொல் சுமத்தல், சகித்தல், மன்னித்தல், காத்திருத்தல் என்ற நான்கையும் குறிக்கும். பொறுமை நம் மொழியில் ஒரு சுமை தாங்கும் வேலை. 'பொறுப்பு' என்ற சொல்லும் அங்கிருந்தே வருகிறது. சம்ஸ்கிருதத்தில் 'க்ஷமா' என்றால் பொறுமை. பூமி என்றும் பொருள். பொறுத்தார் பூமி ஆள்வார் என்பது பழமொழி. இவையெல்லாம் உயர்ந்தவையே. ஆனால் வீட்டில் ஒரு மருமகளையோ, அலுவலகத்தில் ஒரு கீழ்நிலை ஊழியரையோ, ஓர் அமைப்பில் வாய் திறவாத ஒரு தொண்டரையோ 'பூமாதேவி மாதிரி பொறுமை' என்று புகழ்ந்தபடியே இன்னொரு மூட்டையை ஏற்றுவது நாம் அறியாத காட்சியா? அங்கே புகழ்ச்சி கூலிக்குப் பதிலாகக் கொடுக்கப்படுகிறது. பூமியை நன்கு அறிந்த உழவர் நிலத்தைச் சில காலம் தரிசாக விடுவார். இடைவிடாமல் விளைச்சல் கேட்டால் மண்ணும் சாரம் இழக்கும் என்பது அவருக்குத் தெரியும். இறைக்கிற கிணறு ஊறும் என்பது உண்மை. ஊற்று சுரக்கும் வேகத்தை அறிந்து இறைப்பவருக்கே அது உண்மை.

பொறுமையைப் பற்றிய உபதேசம் பெரும்பாலும் தவறான முகவரிக்கே போய்ச் சேர்கிறது. சுமப்பவரிடம் பொறுக்கச் சொல்கிறோம். சுமத்துபவரிடம், 'உன் கையும் இதில் பட வேண்டாமா?' என்று கேட்பதில்லை.

மத்திய இந்திய நகரம் ஒன்றில் வங்கிப் பணியில் இருந்த தமிழ் அன்பர் ஒருவர் எங்கள் மூத்த துறவி ஒருவரிடம் வந்தார். அவருடைய தாய்க்கு மறதி நோய். ஐந்து நிமிடத்திற்கு ஒருமுறை, இரவிலும், 'மணி என்னப்பா?' என்று கேட்பார். ஓர் இரவு மகன் கத்திவிட்டார். தாய் பயந்து சுவரோடு ஒட்டிக்கொண்டார். மறு நிமிடம் தாய் அதை மறந்துவிட்டார். மகனால் மறக்க முடியவில்லை. "இதற்கு என்ன பிராயச்சித்தம் சுவாமிஜி?" என்று கேட்டார்.

"அம்மாவிடம் மன்னிப்புக் கேட்டீர்களா?"

"அவர்களுக்கு நினைவே இல்லையே சுவாமிஜி."

"உங்களுக்கு இருக்கிறதே. கேளுங்கள்" என்றார் துறவி. சற்றுக் கழித்து, "இரவில் எத்தனை மணி நேரம் தூங்குகிறீர்கள்?" என்றார்.

"சேர்ந்தாற்போல் இரண்டு மணி நேரம் தூங்கி ஏழெட்டு மாதம் இருக்கும்."

"கூடப் பிறந்தவர்கள்?"

"அண்ணன் இதே ஊரில்தான் இருக்கிறார். அவருக்கு வேலை அதிகம். நான் பொறுமைசாலி என்று எல்லோரிடமும் பெருமையாகச் சொல்வார்."

"ஞாயிற்றுக்கிழமை அவரையும் அழைத்து வாருங்கள்" என்றார் துறவி. ஜபமோ விரதமோ எதுவும் சொல்லவில்லை.

அண்ணன் வரத் தயங்கினார். மூன்றாவது ஞாயிறுதான் வந்தார். உள்ளே என்ன பேசினார்கள் என்பது எங்களுக்குத் தெரியாது. அதன்பின் வாரத்தில் இரண்டு இரவுகள் அண்ணன் வந்து தாயின் அறையில் படுக்கலானார். முதல் இரவு விடிந்ததும் அவர் கடைக்குப் போய், பெரிய எண்கள் உள்ள ஒரு சுவர்க்கடிகாரத்தை வாங்கிவந்து கட்டிலுக்கு எதிரே மாட்டினார். தாய் அதை நன்றாகப் பார்த்தார். பார்த்துவிட்டு, மணி என்ன என்று கேட்டார்.